கால் வீக்கம், கை வீக்கம்: கேள்வி பதில்

யானைக்கால் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பல வருடம் இருந்தேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, அம்மாவுக்கு 20 வருடமாக யானைக்கால். அடிக்கடி தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிடுகிறார். புழு மாத்திரையைத் திரும்பக் கொடுத்தால் நிற்குமா?

நிற்காது தம்பி. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் புழுவால் வருவதில்லை. சேற்றுப்புண், வெடிப்பு வழியாகக் கிருமி நுழைவதால் வருகிறது. நிணநீர் (உடம்பின் திசுக்களிலிருந்து நெறிகள் வழியாக வடியும் நீர்) தேங்கிய காலுக்கு அதை எதிர்க்கும் சக்தி குறைவு. ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுத்தான் போகும்.

அதனால் விரல் இடுக்கைப் பாருங்கள். தினமும் ராத்திரி சாதாரணத் தண்ணீர், சோப்பு. மடிப்பு மடிப்பாகக் கையாலேயே கழுவுங்கள், பிரஷ் வேண்டாம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நிற்கவே கூடாது. இடுக்கு வெள்ளையாக ஊறியிருந்தால் டாக்டரிடம் பூஞ்சைக் களிம்பு கேளுங்கள். காய்ச்சல் வந்தால் கால் உருவுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவால் குனிய முடியாவிட்டால் நீங்களே கழுவிவிடுங்கள். அந்தக் காலை இன்னொருவர் தொட்டே பல வருடம் ஆகியிருக்கும். எங்களிடம் வந்த எத்தனையோ பேர், முதல் நாள் கழுவும்போதே அழுதுவிடுவார்கள்.

நீர் பிரிய மாத்திரை போட்டால் கால் வற்றுமா?

வற்றாது. இது புரதத்தோடு தேங்கிய நீர். வேறு நோய்க்காக டாக்டர் கொடுத்திருந்தால் மட்டும் தொடருங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிகளை எடுத்தார்கள். இப்போது அந்தக் கை கனக்கிறது. அசைக்கவே கூடாது என்கிறார் மாமியார்.

முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா, புது வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம். நிணநீர்த் தேக்கம்தான் என்றால், அசைக்காமல் வைப்பதுதான் கெடுதல். தசை இயங்கினால்தான் நிணநீர் நகரும். பிசியோதெரபிஸ்ட் சொல்வதுபோல் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஜாக்கெட் கையைத் தளர்த்தித் தையுங்கள், இறுக்கமான வளையல் வேண்டாம். மீன் ஆயும்போது கையுறை போடுங்கள்.

எனக்கு 26 வயது. என் யானைக்கால் வீக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று பெண் வீட்டில் தயங்குகிறார்கள்.

ஒட்டாது தம்பி. யானைக்கால் புழுவைக் கியூலெக்ஸ் கொசுதான் பரப்புகிறது, அதுவும் பல மாதம் பலமுறை கடித்து. வீக்கம் வந்த பலரின் இரத்தத்தில் நுண்புழுவே (அந்தப் புழுவின் குஞ்சு) இருப்பதில்லை. ராத்திரி இரத்தப் பரிசோதனை செய்து முடிவை அவர்களிடமே காட்டுங்கள். டாக்டரையும் அவர்களோடு பேசச் சொல்லுங்கள்.

அளவான செருப்பே கிடைக்கவில்லை.

செருப்பு தைப்பவரிடம் சாயங்காலம் அளவு கொடுங்கள், கால் அப்போதுதான் அதிகம் வீங்கியிருக்கும்.