காலிப் பெஞ்சுகளுக்கு உரியவர்கள் எங்கே?

கேள்வி: அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், குன்னூர் அருகே ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். ஒரு காலத்தில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார இடம் கிடைக்காது. இப்போது பாதிப் பெஞ்சுகள் காலி. டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டும் என் பேரனிடம் சபை கூடிவருதலைப் பற்றிய வசனத்தைச் சொன்னால், “வீட்டில் ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார் தாத்தா” என்கிறான். இளைஞர்களை ஈர்க்க புரொஜெக்டரும் புதிய ஸ்பீக்கர்களும் வாங்கலாம் என்று கமிட்டி யோசிக்கிறது. மேல்நாட்டைப் போல இங்கும் ஆலயங்கள் மூடப்பட்டுவிடுமா? இந்தக் காலத்தில் திருச்சபைக்கு என்னதான் வேலை?
- வாசகர், குன்னூர்

பதில்: அன்புள்ள ஐயா,

மேல்நாட்டு நிலவரத்தையும் நம் மலையின் நிலவரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிவு செய்துகொண்டவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2 சதவீதம். ஊர் மாறாமல், ஆலயத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு அந்த அடையாளத்தைக் கைவிட்டவர்கள் அந்தச் சரிவில் ஏராளம். நீலகிரியின் கணக்கு வேறு. 2001இல் 7,62,141ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011இல் 7,35,394ஆகக் குறைந்தது. தமிழகத்தில் பெரும்பாலான மாவட்டங்களில் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தபோது, இங்கே ஊரே இளைத்தது. பச்சைத் தேயிலை விலை வீழ்ந்து சிறு விவசாயிகள் நொடித்துப்போனதும், ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலை நலிந்து மூடப்பட்டதும், பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடி இறங்கியதும் நீங்கள் கண்ணால் கண்டவை. அப்படிப் போனவர்களில் பலர் அங்கே ஏதோ ஒரு சபையில் இந்த ஞாயிறும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை விசுவாசம் குன்றியவர்கள் என்று எண்ணுவது நியாயமாகாது.

ஊரிலேயே இருந்தும் வராதவர்களைப் பற்றித்தான் உங்கள் சபை யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்பது அலுவலகமும் தொழிற்சாலையும் வகுத்த வாழ்க்கைக்குப் பொருந்தியது. சுற்றுலாவை நம்பி வாழும் ஊரில் சனியும் ஞாயிறும்தான் பிழைப்பு. ஏப்ரல், மே சீசனில் காலை ஒன்பது மணிக்கு உங்கள் ஆலய மணி அடிக்கும்போது, டாக்ஸி டிரைவர் சிம்ஸ் பூங்கா வாசலில் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார். காட்டேஜ் காவலாளி சாவிக்கொத்தோடு நின்றிருப்பார். சாக்லேட் கடையில் வேலை செய்யும் பெண் கடையைத் திறந்துகொண்டிருப்பார். உங்கள் பேரன் சொன்ன பதிலை நான் அவிசுவாசமாகக் கருதவில்லை. ஞாயிறு வர முடியாதவருக்கு வேறு எந்த நேரத்திலும் ஆராதனை இல்லை என்றால் அவர் வேறென்ன சொல்வார்? செவ்வாயோ புதனோ மாலை ஏழு மணிக்கு, அரை மணி நேர ஆராதனை ஒன்றை, மாதம் ஒருமுறை திருவிருந்தோடு (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை), ஆறு மாதம் நடத்திப் பார்க்க சபையின் போதகரான ஆயரிடம் கேளுங்கள்.

நீங்கள் பேரனிடம் சொன்ன வசனம் எபிரெயர் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. சபை கூடிவருதலைச் “சிலர் விட்டுவிடுகிறதுபோல” என்று அப்போதே எழுத வேண்டியிருந்தது என்றால், காலிப் பெஞ்சு முதல் நூற்றாண்டுக் கவலையும்தான். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி “ஒருவரையொருவர் கவனித்து” என்கிறது அது. கவனிப்பைச் சொன்ன பிறகே கூடிவருதலைச் சொல்கிறார் நிருபத்தை எழுதியவர். திருச்சபைக்கு இன்று என்ன வேலை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்.

சுவிட்சர்லாந்தின் பேசல் நகரைச் சேர்ந்த பேசல் மிஷனார் 1840களில் குன்னூருக்கு அருகே உள்ள கேத்தியில் வந்து தங்கியபோது, பள்ளிக்கூடம் நடத்துவதே பெரிய ஊழியமாக இருந்தது. இன்று பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் பெருகிவிட்டன. ஆனால் பிள்ளைகள் இறங்கிப்போன வீடுகளில் வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள். மழைநாளில் வழுக்கும் படிகளில் ஏறி ஆலயம் வர அவர்களுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளிலோ ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே 1845 முதல் மிஷன் பணி நடந்திருப்பதால், அவர்களில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான குடும்பங்களும் இருக்கக்கூடும். சந்தா செலுத்துவோரின் பதிவேட்டில் பெயர் இல்லாததால் அவர்கள் நம் கணக்கில் வரவில்லை. இந்தியில் ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, வாசலில் ஒரு டம்ளர் டீ என்று தொடங்கினாலே வழி பிறக்கும்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கமிட்டியில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். பல சபைகளை ஒன்றாக நிர்வகிக்கும் திருமண்டலத்தின் தேர்தல் சண்டையையும் சொத்து வழக்குகளையும் செய்தித்தாளில் படிக்கும் இளைஞரை எந்த ஸ்பீக்கராலும் உள்ளே இழுக்க முடியாது. அவர் பாட்டுக்காகத்தான் வருவார் என்றால், அதைவிட நல்ல ஒலியில் கேட்க அவர் கையிலேயே போன் இருக்கிறது.

ஆகவே அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு நீங்கள் குடும்பப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். வெளியூர் போனவர்கள், ஞாயிறு வேலை இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், மனம் கசந்து நின்றவர்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தைக் குறியுங்கள். தெரியாத பெயர்களை ஆளுக்குச் சிலராகப் பிரித்துக்கொண்டு, வீட்டுக்கே போய் விசாரியுங்கள். போகும்போது காணிக்கைக் கவரைக் கொண்டுபோக வேண்டாம். புரொஜெக்டருக்கு ஒதுக்கிய பணத்தை, நடக்க முடியாதவர்களை ஞாயிறு காலை அழைத்துவர ஜீப் வாடகைக்கு மாற்றலாம் என்ற தீர்மானத்தையும் அந்தக் கூட்டத்திலேயே முன்மொழியுங்கள்.