சக்கர நாற்காலியில் தாவரவியல் பூங்காவுக்கு: கேள்வி பதில்

தண்டுவடத்தில் அடிபட்டுப் பல வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். பூங்காக்களுக்குப் போய்வருவது பற்றி மதுரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அண்ணே, அம்மாவுக்கு ஊட்டி தாவரவியல் பூங்கா பார்க்க ஆசை. வீல்சேரில் முடியுமா? (திருமங்கலம்)

முடியும், ஆனால் முழுதும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். 1848-ல் அமைக்கத் தொடங்கிய அந்தத் தோட்டம் தொட்டபெட்டா மலைச்சரிவில் இருக்கிறது. மேலே போகப் போக அடுக்கடுக்காக ஏறும். கீழ்ப் புல்வெளிப் பகுதியே அம்மாவுக்குப் போதும். மே மாத மலர்க் கண்காட்சி சமயம் வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் மற்றவர்களின் இடுப்புதான் தெரியும், பூ தெரியாது.

போன் செய்து கேட்டால் எல்லாரும் "வீல்சேர் வசதி இருக்கு" என்கிறார்கள். போய்ப் பார்த்தால் இல்லை. (அண்ணா நகர்)

கேள்வியை மாற்றுங்கள். "வசதி இருக்கா" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம், பாதை சிமென்டா சரளையா என்று கேளுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தை அளந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளம் இருக்கிறது என்றால் அதன் நீளத்தையும் கேளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். நாலடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு அதையும் சாய்தளம் என்பார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொது இடங்களில் தடையின்றிப் போய்வருவது நம் உரிமை. அதனால் தயங்காமல் கேளுங்கள். குறை இருந்தால் எழுதியும் கொடுங்கள்.

சரிவில் தள்ளப் பயமாக இருக்கிறது. இவர் எழுபது கிலோ. (உசிலம்பட்டி)

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் ஆபத்து, அக்கா. செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிவிடுங்கள். அவர் முகம் மேட்டைப் பார்த்திருக்க, நீங்கள் அவருக்குப் பின்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்து மெதுவாகப் பின்னோக்கி இறங்குங்கள். அப்போது அவர் முன்பக்கமாகச் சரிந்து விழமாட்டார். இடுப்பு பெல்ட்டும் போட்டுவிடுங்கள். புல்லிலும் சரளையிலும் முன்னாலுள்ள சின்னச் சக்கரம் புதைந்து நின்றால், முன்பக்கத்தைத் தூக்கிப் பெரிய சக்கரத்தில் பின்னோக்கி இழுங்கள். ஆனாலும் மலைத்தோட்டத்துக்கு இன்னொரு ஆள் துணைக்கு வேண்டும்.

கொடைக்கானல் பரவாயில்லையா? (மேலூர்)

நமக்குப் பக்கம் அதுதான். பிரையண்ட் பூங்கா ஊட்டியைவிடச் சிறியது, 20 ஏக்கர் சொச்சம். அங்கேயும் ஏற்ற இறக்கம் உண்டு. களைத்துவிட்டால் பக்கத்திலேயே ஏரியைச் சுற்றி தார் ரோடு.

மகனுக்குக் கழுத்துப் பக்கம் தண்டுவடக் காயம். உடம்புக்கு ஏதும் பார்க்கணுமா? (சோழவந்தான்)

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மேல்தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. மதுரை வெயிலில் உடம்பு சூடேறினால் தணியாது. ஈரத்துண்டு, தண்ணீர் ஸ்பிரே எடுத்துப் போங்கள்; உள்ளூர்ப் பூங்கா என்றால் காலையிலேயே போய்விடுங்கள். மலையில் நேர்மாறு: கால் சில்லிடுவது அவருக்கே தெரியாது, நீங்கள்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் அரைமணிக்கு ஒருமுறையாவது உடம்பைச் சாய்த்து அழுத்தத்தை மாற்றிவிடுங்கள். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து முகம் சிவந்தால், நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் வெளியேறப் போட்டிருக்கும் குழாய் (கத்தீட்டர்) மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாகவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முதல் தடவை எங்கே போகலாம், சார்? (ஒத்தக்கடை)

தல்லாகுளம் எக்கோ பார்க்கில் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, தள்ளுபவருக்கு எங்கே மூச்சு வாங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் கொடைக்குக் கார் பேசலாம்.