விசில் யாரு அடிப்பா?

கேள்வி: தொடக்கப் பள்ளியிலேயே விளையாட்டு, ஓவியம், பாட்டு எல்லாம் குறைந்துபோய் மொழியும் கணக்கும் டெஸ்ட்டும்தான் மிஞ்சுகின்றன. பெற்றோராக உங்களுக்கு இதில் கவலை உண்டா?

உண்டு. துணி துவைக்கும்போதுதான் எனக்கு அது முதலில் உறைத்தது.

மகள் மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். புதன்கிழமை பி.டி. பீரியட், அதனால் அன்றைக்கு மட்டும் வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஒன்றாம் வகுப்பில் அந்தச் சட்டையை ஊறவைத்து, காலரையும் கையையும் தேய்த்து, நீலம் போட்டு எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். பாக்கெட்டில் கல், புளியங்கொட்டை எல்லாம் இருக்கும். இந்த வருஷம் ஜூலை வாக்கில்தான் கவனித்தேன், நான் அதைத் தேய்க்கவே இல்லை. காலையில் போட்டு அனுப்பிய மாதிரியே திரும்பி வருகிறது.

"கிரவுண்டுக்குப் போகலையா?"

"கணக்கு மிஸ் வந்துட்டாங்கம்மா."

அடுத்த வாரம் இங்கிலீஷ் மிஸ் டெஸ்ட் வைத்தார். அதற்கடுத்த வாரம் மழை. நான்காவது வாரம் கிரவுண்டுக்கு விட்டிருக்கிறார்கள், ஆனால் வீட்டுப்பாடம் முடிக்காதவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுத வேண்டுமாம். இவள் அந்தக் கூட்டத்தில்.

டைரியின் பின்பக்கம் இருக்கும் டைம்டேபிளைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. பி.டி. இரண்டு, ஓவியம் ஒன்று, பாட்டு ஒன்று, லைப்ரரி ஒன்று. ஓவிய நோட்டைத் திறந்தேன். மாம்பழம், குடை, மலைக்கு நடுவில் சூரியன், ஆகஸ்ட் 15-க்காகத் தேசியக் கொடி. அதற்கப்புறம் கடைசிவரை வெள்ளைத் தாள்.

பாடமாவது ஆழமாகப் போகிறதா என்றால் அதுவும் இல்லை. வேரின் வேலை என்ன என்று கேட்டால் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். ஒருநாள் தண்டுக்கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, "இது என்னம்மா, தாடி மாதிரி?" என்று வேரைத் தொட்டுப் பார்த்தாள்.

சரி, ஓபன் டேயில் கேட்டுவிடுவோம் என்று போனேன். வகுப்பு மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம், போர்ஷன் முடியலைன்னா என்னைத்தான் கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் பி.டி. பத்திக் கேக்கறீங்க. மத்தவங்க சனிக்கிழமை ஏன் லீவு விடறீங்கன்னு சண்டைக்கு வர்றாங்க." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த 'மத்தவங்க'ளில் நானும் ஒருத்தியாக இருந்தவள்தானே. பக்கத்து வீட்டுப் பையன் யு.கே.ஜி.யிலேயே ஆங்கிலம் வாசித்ததைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பள்ளியில் சேர்த்தேன். செவ்வாய் அபாகஸ், வியாழன் இந்தி என்று மாலை நேரத்தைத் தின்றதும் நான்தான்.

ஆனாலும் 'நேரமில்லை' என்ற பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்று இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 4 மணி நேரம். எங்கள் பள்ளி காலை எட்டே முக்காலிலிருந்து மூன்றரை வரை. சாப்பாடு, இன்டர்வல் எல்லாம் கழித்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது. விளையாட்டு மைதானமும் விளையாட்டுச் சாமான்களும் இருக்க வேண்டும் என்று சொல்வதும் அதே அட்டவணைதான். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் தினமும் இரண்டு நோட்டு நிறைய வேலை வந்தது. டைரியில் அதற்குப் பெயர் 'ரிவிஷன்'.

பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு ஊரறிந்த வழக்கம் இது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த கணக்கு மிஸ்ஸை நான் இதுவரை பார்த்ததில்லை.

விளையாடாவிட்டால் குழந்தை குண்டாகிவிடும், கண் கெட்டுவிடும் என்பார்கள். இருக்கலாம். என்னை உறுத்தியது வேறு. காலாண்டு லீவுக்கு உசிலம்பட்டி பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் சாட் பூட் த்ரீ போட்டுக் கல்லா மண்ணாவுக்கு ஆள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் திண்ணையோரமாக நின்று பார்த்துவிட்டு, "விசில் யாரு அடிப்பா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைகளுக்குக் கேள்வியே புரியவில்லை. பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சரி, நீ ஒப்புக்குச் சப்பாணி, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே ஒரு சப்பாணி இருந்தான், நாலு வயசு, டவுசர் இடுப்பில் நிற்காத பையன். எட்டு வயசுக்காரிக்கு அவனோடு ஜோடி. அர்த்தம் தெரியாததால் இவள் சந்தோஷமாகத்தான் ஓடினாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பெரியவர்கள் வரிசையில் நிறுத்தி ஆரம்பித்து வைத்தால் ஒழிய, ஒரு விளையாட்டைத் தானாக ஆரம்பிக்க இவளுக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் "நீ தொட்டது செல்லாது, நான் கல்லு மேல நின்னேன்" என்று தொண்டை கிழியக் கத்துகிற சத்தம் அடுப்படிவரை கேட்டது. முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் திரும்பியதும் அபாகஸை நிறுத்தினேன். இந்தி தொடர்கிறது, வீட்டுக்காரர் விடவில்லை, அது தனிக் கதை. மற்ற நாட்களில் மாலை ஐந்திலிருந்து ஆறேகால் வரை அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் விளையாட்டு. பந்து கார் கண்ணாடியில் பட்டுவிடும் என்று செக்ரட்டரிக்கு என்மேல் வருத்தம். அப்புறம் நாங்கள் நாலு அம்மாக்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். புதிதாக எதுவும் கேட்கவில்லை, டைம்டேபிளில் போட்டிருப்பதைக் கொடுங்கள் என்று மட்டும். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் எங்களுக்கு வேறு வேலை இல்லை என்று எழுதினார்கள். பள்ளியில் இரண்டு பி.டி.யில் ஒன்றை இனி யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்றிருக்கிறார்கள்.

போன புதன்கிழமை சட்டை முதுகில் ஐந்து விரலும் பதிந்த ஒரு மண் கை இருந்தது, யாரோ தொட்டு அவுட் ஆக்கியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அரையாண்டுத் தேர்வுக்கு ரிவிஷன் தொடங்குகிறது. சட்டை எப்படி வருகிறதென்று பார்க்க வேண்டும்.