நாடகம் போல இருக்கிறதே?

அன்புள்ள சார்,

நீங்கள் போகிற போக்கில் புகழ்ந்திருந்தீர்களே என்று 1965-இல் பிபிசி எடுத்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரைத் தேடிப் பார்த்தேன். நான்கு கதைக்கு மேல் தாங்கவில்லை. சுவர் அட்டை என்று தெரிகிறது. பாதி நேரம் ஒரே அறையில் நின்று பேசுகிறார்கள். ஹோம்ஸ் வேறு சிடுமூஞ்சி. பின்னாளில் டிவியில் ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட்டையும் கம்பர்பேட்சையும் பார்த்தவனுக்கு இது பள்ளி ஆண்டுவிழா நாடகம். பழசு என்பதற்காகவே பாராட்டுகிறீர்களோ?
கா., ஈரோடு

அன்புள்ள கா.,

நாடகம் போல இருக்கிறது என்பது சரிதான். ஏறக்குறைய நாடகமாகத்தான் அதை எடுத்தார்கள். 1964-இல் ‘டிடெக்டிவ்’ என்ற தொடர்வரிசையில் ‘புள்ளிப்பட்டை’ (தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்) என்ற ஹோம்ஸ் கதையை வெள்ளோட்டம் விட்டார்கள். அது எடுபட்டதும் அடுத்த ஆண்டு 12 கதைகள், ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம். முதலில் பல நாள் ஒத்திகை. அப்புறம் ஸ்டுடியோவில் பல கேமராக்களை நிறுத்தி நீளநீளமான காட்சிகளாகப் பதிவு. அன்றைக்கு வீடியோ டேப்பை வெட்டி ஒட்டுவது பெரும்பாடு. டேப்பின் விலையும் அதிகம். நடிகர் லேசாகத் தடுமாறினால் அப்படியே விட்டுவிடுவார்கள். வெளிப்புறக் காட்சிகள் மட்டும் ஃபிலிமில்.

ஆகவே சுவரைப் பார்க்காதீர்கள், ஹோம்ஸாக நடித்த டக்ளஸ் வில்மரைப் பாருங்கள். உதவி கேட்டு வந்தவர் தன் கதையைச் சொல்லும்போது வில்மர் கேட்கிற விதம் ஒன்று போதும். அனுதாபமே கிடையாது. வேண்டாத விவரம் வந்தால் முகம் சுளிக்கிறார். சிடுமூஞ்சி என்கிறீர்கள். கானன் டாயில் எழுதியதும் அந்த ஆளைத்தானே? ‘நால்வர் குறி’ நாவலில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனே பொறுக்கமாட்டாமல், நீங்கள் ஒரு கணக்குப் போடும் இயந்திரம் என்று சொல்லிவிடுகிறார். பிரெட் பெரிய நடிகர், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவருடைய ஹோம்ஸைப் பார்த்து நாம் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுகிறோம். வில்மர் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. (அவரை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். கம்பர்பேட்ச் தொடரின் ‘தி ரெய்கன்பாக் ஃபால்’ பகுதியில், யாரும் பேசவே கூடாத டயோஜெனிஸ் கிளப்பில் வாட்சன் வாயைத் திறந்ததும் பதறுகிற கிழவர் அவர்தான்.)

அடுத்த வரிசைக்கு அவரைக் கூப்பிட்டபோது, ஒத்திகை நாட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். ஸ்கிரிப்ட் சரியில்லையென்றால் ராத்திரி உட்கார்ந்து தானே திருத்தி எழுதிய மனிதர் வேறென்ன செய்வார்? 1968-இல் அந்த இடத்துக்குப் பீட்டர் குஷிங் வந்தார். 1959-இல் சினிமாவிலேயே ஹோம்ஸாக நடித்தவர், நுணுக்கமானவர். இப்போது கலர், 16 பகுதிகள், ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’க்கு கதை நடக்கிற டார்ட்மூரிலேயே வெளிப்புறப் படப்பிடிப்பு. நீங்கள் கேட்கிற அத்தனையும் இருக்கிறது. ஆனால் அவசரமும் தெரிகிறது. தன் முழுத்திறமையும் அதில் வரவில்லை என்று குஷிங்கே பின்னாளில் வருத்தப்பட்டார். இரண்டிலும் வாட்சன் ஒரே ஆள், நைஜல் ஸ்டாக். எனவே ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

சுலபம் என்று சொல்லிவிட்டேன், பார்க்கக் கிடைத்தால்தானே! பிபிசி அந்தக் காலத்தில் ஒளிபரப்பு முடிந்த டேப்பை அழித்து அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவுசெய்யும். குஷிங்கின் 16-இல் இன்று மிச்சம் 6. வெள்ளோட்டத்தையும் சேர்த்து வில்மரின் 13-இல் 11 முழுதாக இருக்கின்றன, ஃபிலிமில் பிரதி எடுத்திருந்ததால் தப்பித்தவை. மற்ற இரண்டில் ஒன்றுக்கு முன்பாதி இல்லை, மற்றொன்றுக்குப் பின்பாதி இல்லை. 2015-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இவற்றை டிவிடியாக வெளியிட்டபோது, காணாமல் போன முன்பாதிக்காக வில்மரையே உட்காரவைத்துக் கதையை வாசிக்கச் செய்தார்கள். தொண்ணூறைத் தாண்டிய வயதில், ஐம்பது வருடம் கழித்து!

இன்னும் ஒரே ஒரு கதை பார்த்துவிட்டு என்னைத் திட்டுங்கள். ‘தி டெவில்ஸ் ஃபுட்’. கார்ன்வாலில் நடப்பது. பேட்ரிக் ட்ரௌட்டன் இருக்கிறார், மறு வருடம் பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான ‘டாக்டர் ஹூ’வில் ‘டாக்டர்’ என்ற நாயகனாக வந்தவர். விஷப் பொடியை விளக்கில் எரித்து, ஹோம்ஸ் தன்மேலும் வாட்சன்மேலும் சோதித்துப் பார்க்கிற கதை. இருவரும் சாவின் விளிம்புவரை போய்த் திரும்புகிறார்கள். ஹோம்ஸ் குரல் தழுதழுக்க நண்பரிடம் மன்னிப்புக் கேட்கிற இடம் டாயில் எழுதியதிலேயே அபூர்வம். எல்லாக் கதையிலும் உருகிக்கொண்டிருக்கும் ஒரு ஹோம்ஸ் அங்கே வந்து என்ன செய்ய முடியும்?

அன்புடன்