எஃப் போடுவது எளிது

வணக்கம் சார்,

கொரியாவில் நீங்கள் வேலை பார்த்த நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான் துணிந்து இங்கே வந்தேன். புசானிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். முதலாண்டுக்குக் கட்டாய ஆங்கிலம் எடுக்கிறேன். இதுதான் முதல் செமஸ்டர். ஒரு பையன் பத்து வகுப்புக்கு வரவில்லை. கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ராத்திரி வேலையாம். ஆனால் ஃபைனல் பரீட்சையைப் பரவாயில்லாமல் எழுதியிருக்கிறான். விதிப்படி எஃப் போட்டுவிட்டேன். அதிலிருந்து தினமும் மெயில், உதவித்தொகை போய்விடும் என்று. நேற்று என் அறை வாசலில் ஒரு பெட்டி பாக்கஸ் (இங்கே எல்லாரும் குடிக்கும் ஊக்கபானம்) இருந்தது. துறைத் தலைவரும் "கொஞ்சம் யோசியுங்களேன்" என்கிறார். கிரேடைத் திருத்த வெள்ளிக்கிழமை வரைதான் நேரம். டி ஜீரோவாவது (பிளஸ் இல்லாத வெறும் டி) போட்டுவிடலாமா? மாணவர்கள் மதிப்பீட்டில் என்னைப் பற்றி மோசமாக எழுதினால் ஒப்பந்தம் நீளாதோ என்ற பயமும் இருக்கிறது.

வி.

அன்புள்ள வி.,

வெள்ளிக்கிழமை கெடு என்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப் அப்படியே இருக்கட்டும்.

16 வாரம், வாரத்துக்கு இரண்டு, ஆக 32 வகுப்பு. அதில் கால் பங்குக்கு மேல் வராதவனுக்கு எஃப் என்பது அங்கே பல இடங்களில் எழுதி வைத்த விதி. சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு. நீங்களே விதிப்படி என்று சொல்லிவிட்டீர்கள், அப்புறம் பரீட்சையில் அவன் என்ன எழுதினான் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அந்தப் பத்து நாளில் வீட்டில் ஒரு சாவு, ராணுவத்துக்கான உடற்தகுதிப் பரிசோதனை என்று முறையான விடுப்பு ஏதாவது இருக்கிறதா? அதற்கெல்லாம் சீட்டு உண்டு, அந்த நாட்கள் கணக்கில் வராது. முதலாண்டுப் பையன்களுக்கு அந்தச் சீட்டு இருப்பதே பல சமயம் தெரியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது தடவை வராதபோது அவனுக்கு ஒரு வரி எழுதினீர்களா? என் முதல் செமஸ்டரில் நான் எழுதவில்லை. ஒன்பது நாள் வராத ஒரு பையன் ஃபைனலுக்கு வந்து, ஒன்றரை மணி நேரம் தலை நிமிராமல் எழுதி, இரண்டு கையாலும் விடைத்தாளை நீட்டிக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். அவனுக்கு எஃப் என்று அப்போதே எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டு நின்றேன் பாருங்கள், அது எஃப் போட்டதைவிடக் கேவலம். அடுத்த வருடத்திலிருந்து ஐந்தாவது தடவைக்கு ஒரு மெயில், ஏழாவதுக்கு இன்னொன்று. துறை உதவியாளரிடம் கொடுத்து கொரிய மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன். அதன் பிறகு எஃப் பாதியாகக் குறைந்தது.

உதவித்தொகை விஷயத்தில் அவன் புளுகவில்லை. அரசு உதவித்தொகைக்கு முந்தைய செமஸ்டரில் 12 கிரெடிட்டும் நூற்றுக்கு 80 சராசரியும் வேண்டும். ஒரு எஃப் அந்தச் சராசரியைக் கவிழ்த்துவிடும். ஆனால் வருமானம் மிகக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 70-க்கு மேல் இருந்தால் எச்சரித்துவிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அவனை உதவித்தொகை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இரக்கம் காட்ட வழி இருப்பது அங்கேதான்.

டி ஜீரோ போட்டால் தயவு என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு தடவை தயவு காட்டினேன். கணக்கியல் படித்த ஒரு பெண், சி பிளஸ்ஸில் நின்றாள். நன்றாக உழைப்பவள். எங்கேயோ ஒன்றரை மார்க் தேடிப்பிடித்து பி ஜீரோ ஆக்கினேன். (அவர்கள் "பி ஜெரோ" என்பார்கள்.) மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. "கியோசுநிம் (பேராசிரியரே), தயவுசெய்து குறைத்துவிடுங்கள்" என்றாள். அங்கே சி பிளஸ்ஸும் அதற்குக் கீழேயும் வாங்கியவர்கள்தான் அதே பாடத்தை மறுபடி எடுக்க முடியும். பி ஜீரோ என்றால் கதவு சாத்தியாகிவிட்டது. அவள் மறுபடி படித்து ஏ ஜீரோ வாங்கத் திட்டம் போட்டிருந்தாள். என்னுடைய ஒன்றரை மார்க் அதைக் கெடுத்துவிட்டது. திருத்தும் நாட்களில் "கிரேடை ஏற்றுங்கள்" என்று வரும் மெயில்களுக்கு நடுவே "எஃப் ஆக்கிவிடுங்கள்" என்றுகூட இரண்டொன்று வரும். ஊருக்குப் புதியவர் என்றால் தலை சுற்றும்.

எஃப் போடுவது எளிது, வி. ராத்திரி தூக்கம் கெடுவது பி பிளஸ்ஸால்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு மதிப்பீடு. வகுப்பில் 30 சதவீதத்துக்கு மேல் ஏ போடக்கூடாது, ஏ-யும் பி-யும் சேர்ந்து 70-ஐத் தாண்டக்கூடாது. என் வகுப்பில் 34 பேர். பத்து பேருக்கு ஏ, பதின்மூன்று பேருக்கு பி. மீதி பதினொரு பேர் ஒரு தப்பும் செய்யாவிட்டாலும் சி அல்லது அதற்குக் கீழே. பதினொன்றாவது ஏ-யை அழுத்தினால் கணினித் திரையில் சிவப்பு எழுத்து வரும், பக்கம் சேமிக்காது. எனக்குப் பதினொன்றாவதாக வந்தவன் ஒரு இயந்திரவியல் பையன். முதல் வரிசை, ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை, நோட்டில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே பென்சிலால் உச்சரிப்பு எழுதி வைத்திருப்பான். பத்தாவதாக வந்தவன் சின்ன வயதில் மூன்று வருடம் கனடாவில் இருந்தவன், வகுப்புக்கு வருவது பாதித் தூக்கத்தில். இரண்டு பேருக்கும் நடுவே 0.4 மார்க். மார்க் போடும் அட்டவணையை நானே தயாரித்தவன் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியவில்லை. அடுத்த செமஸ்டரில் பேச்சுத் தேர்வின் பங்கைக் குறைத்தேன். அந்தப் பையனுக்கு அதனால் என்ன லாபம்? பி பிளஸ் பி பிளஸ்தான்.

துறைத் தலைவரை வில்லனாகப் பார்க்காதீர்கள். தென்கோடியில் இருப்பவர்கள் ஒரு வேடிக்கை சொல்வார்கள்: பல்கலைக்கழகங்கள் செர்ரிப் பூ பூக்கும் வரிசையில் மூடிக்கொண்டு வரும் என்று. பூ முதலில் தெற்கே பூத்து, கடைசியில்தான் சியோலுக்குப் போகும். 2023-இல் கொரியாவின் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 0.72. இருக்கும் பிள்ளைகளும் சியோல் சியோல் என்று ஓடுகிறார்கள். எஃப் வாங்கியவன் படிப்பையே விட்டுவிட்டால் அந்த எண்ணிக்கை துறைக்கு எதிராக நிற்கும். அவர் கவலை உண்மையானது. ஆனால் அவர் வாயால்தான் சொன்னார், கவனித்தீர்களா? மெயிலில் சொல்லச் சொல்லுங்கள், சொல்ல மாட்டார்.

மாணவர் மதிப்பீட்டைப் பற்றிப் பயமே வேண்டாம். மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பினால்தான் கிரேடு கண்ணில் படும் என்பது அங்கே வழக்கம். உங்கள் பையன் எஃப்பைப் பார்த்துவிட்டான் என்றால் உங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாயிற்று. ஒருவேளை நல்லபடியாகத்தான் எழுதியிருப்பான்.

மெயிலுக்குப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். சுருக்கமாக, கொரிய மொழியில்: வராத பத்துத் தேதிகள், விதியின் எண், அடுத்த செமஸ்டரில் இந்தப் பாடம் எந்த நாள் எந்த நேரம் என்பது. ராத்திரி வேலை பார்ப்பவனுக்குக் காலை ஒன்பது மணி வகுப்பு ஒத்துவராது, பிற்பகல் பிரிவு இருந்தால் அதைச் சொல்லுங்கள். "வருந்துகிறேன்" என்று ஒரு தடவை போதும். இரண்டாவது தடவை எழுதினால் பேரம் இன்னும் முடியவில்லை என்று படும்.

அப்புறம் அந்தப் பாக்கஸ். 2016 செப்டம்பர் 28-இல் லஞ்சத்துக்கும் சிபாரிசுக்கும் எதிரான சட்டம் அமலுக்கு வந்தது. முதல் நாளே போலீசுக்குப் போன புகார், ஒரு மாணவர் பேராசிரியருக்கு ஒரு கேன் காபி கொடுத்தார் என்பது. சிரிப்பு வரலாம், ஆனால் மார்க் போடும் கையில் மார்க் வாங்குபவன் எதையும் வைக்கக்கூடாது, ஒரு கேன் ஆனாலும். பையனைக் கூப்பிட்டுத் திட்டாதீர்கள், அம்மா வாங்கிக் கொடுத்திருப்பாள். பெட்டியைத் துறை அலுவலகத்தில் கொடுத்து, திருப்பித் தந்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் திறக்கவில்லையே? திறந்து ஒன்று குடித்திருந்தால் கவலை இல்லை, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். முழுப் பெட்டியாக வாங்குங்கள், உள்ளே பத்து பாட்டில் இருக்கும்.