கதையில் எழுதாததைப் பிள்ளைகள் பிடிப்பது எப்படி? கேள்வி பதில்

பெற்றோர், ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் ஒரு தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை.

டீச்சர், என் மகள் மூன்றாம் வகுப்பு. கடகடவென்று வாசிக்கிறாள். "ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேட்டால் மட்டும் "அது கதையில இல்லையே" என்கிறாள்.

அவள் சொல்வது சரிதான், கதையில் இல்லைதான்! சரளமாக வாசித்தும் வரிகளுக்கு நடுவே இருப்பதைப் பிடிக்கத் திணறும் பிள்ளைகள் நிறைய உண்டு. இங்கிலாந்தில் ஜேன் ஓக்ஹில் இவர்களைப் பற்றியே பல வருடம் ஆராய்ந்தார். இன்று இரவு இதை வாசிக்கச் சொல்லுங்கள்:

"மீனா வாசலிலேயே நின்றாள். செருப்பெல்லாம் சேறு. அம்மா ஒன்றும் பேசாமல் துண்டை நீட்டினாள். பாட்டி சுக்கு காபி போட எழுந்தாள்."

மழை என்ற சொல்லே இதில் கிடையாது. ஆனாலும் "மழையில நனைஞ்சுட்டா" என்பாள். அதோடு விடாதீர்கள். எந்த வரி அதைச் சொன்னது என்று கேட்டு, விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சேற்றைக் காட்டினால், "வயலுக்குப் போய் வந்தாலும் சேறு ஒட்டுமே?" என்று மடக்குங்கள். துண்டுக்கும் சுக்கு காபிக்கும் தானாக வந்துவிடுவாள். அம்மா ஏன் பேசவில்லை? அதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது.

என் பையன் இதே கதைக்கு, மீனாவைப் பேய் துரத்தியது என்கிறான். தப்பு என்று சொன்னால் கற்பனை கெட்டுவிடாதா?

தப்பு என்று சொல்ல வேண்டாம், பேய் வரும் வரியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அது அவனுடைய கதை. தனியாக எழுதட்டும், ஜோராக இருக்கும்.

வகுப்பில் ஒரு கதை: வாசலில் பந்தல், வெளியே நிறையச் செருப்புகள், உள்ளே அடுப்பு மூட்டவில்லை. ஒரு பிள்ளை கல்யாண வீடு என்றது. மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பந்தலையும் செருப்பையும் வைத்துப் பார்த்தால் கல்யாணம்தானே! துப்பை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டாமல், அக்கம்பக்கத்தாரோ உறவுக்காரரோ சாப்பாடு கொண்டுவரும் வழக்கம் அதற்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் செய்த ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட ஓர் ஆட்ட வர்ணனையை அதிகம் புரிந்துகொண்டார்கள். அந்த வழக்கத்தைச் சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். சிரித்தவர்களிடம் "எந்த வரி?" என்று கேளுங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள்.

நாற்பது பிள்ளைகள், ஒரே பீரியட். இதற்கெல்லாம் நேரம் ஏது மேடம்?

அதே 1988-ல் யூயில் என்பவருடன் சேர்ந்து ஓக்ஹில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். துப்புச் சொல் தேடுவது, கதையைப் பற்றித் தாங்களே கேள்வி கேட்பது, மறைத்த வரியை ஊகிப்பது, இவ்வளவுதான். ஏழே அமர்வுகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. உங்களுக்கு மூன்றாவதுதான் சுலபம். கரும்பலகையில் நான்கு வரி எழுதி, மூன்றாவதைச் சார்ட்டால் மறையுங்கள். ஐந்து நிமிடம் போதும். நேரம் மிஞ்சினால் ஒரு பிள்ளையை டீச்சராக்கி எல்லோரையும் கேள்வி கேட்கவிடுங்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

யூகேஜி பிள்ளைக்கு?

படம் போதும். நீங்கள் வாசித்துக் காட்டும்போது பக்கத்தைத் திருப்பும் முன் கொஞ்சம் நிறுத்துங்கள், அப்புறம் என்ன என்று அதுவே சொல்லும்.