முருகைக்கல்லுக்கு ஓமோன் ஊசி வேலை செய்யுமா?

காங்கேசன்துறை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கொடுவா மீனுக்கு ஓமோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். முருகைக்கற்களையும் தொட்டியில் வைத்து ஓமோன் கொடுத்து முட்டையிட வைக்கலாமா? குஞ்சுகளைக் கரையோர முருகைப் பாரில் விட நினைக்கிறோம்."

வேண்டாம். மீனுக்கு மூளையடியில் ஓமோன் சுரக்கும் கபச்சுரப்பி உண்டு, ஓமோனைச் சூலகத்துக்குக் கொண்டுபோக இரத்தம் உண்டு. முருகைக்கு இரண்டுமே இல்லை. ஆனாலும் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தாய்வானில் யூஃபிலியா அன்கோரா என்ற முருகை இனத்தை ஆராய்ந்தபோது, மீனில் இனப்பெருக்கத்தைத் தூண்டுவதைப் போன்ற ஓமோன் அதிலும் இருப்பது தெரிந்தது. முட்டையிடும் வேளையில் எஸ்ட்ரடையோல் என்ற பெண் ஓமோனின் ஒரு வடிவம் கடல்நீரில் கூடுவதும் தெரிந்தது.

அப்படியென்றால் வெளியில் இருந்து கொடுத்தால் என்ன? அக்ரோபோரா என்ற கிளைவிடும் முருகை வகையின் முட்டை முதிர 6 முதல் 9 மாதம் எடுக்கிறது. விந்துக்கு 2, 3 மாதம். முதிராத முட்டையை எந்த மருந்தும் ஒரே கிழமையில் முதிர வைக்காது. முட்டை முதிர்ந்த கூட்டத்துக்கோ (ஒன்றாய் ஒட்டி வளர்ந்த முருகைத் திரளுக்கோ) மருந்து தேவையில்லை. கேடும் வரலாம்: மொன்டிபோரா கப்பிடாடா என்ற முருகைக்கு 3 கிழமை எஸ்ட்ரடையோல் கொடுத்துப் பார்த்தபோது, அது வெளியிட்ட முட்டை-விந்துப் பொதிகள் 29% குறைந்தன. மனிதக் கழிவிலும் எஸ்ட்ரடையோல் உண்டு; எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழிகளின் கசிவு நிலத்தடி நீரோடு கடலுக்குப் போகக்கூடியது என்பதால், இந்த எண் எங்களுக்குக் கவலை தரவேண்டியது.

கடைசி நேர வெளியீடு தடை விலகுவதைப் போன்றது. டொபமைன் என்ற நரம்பு இரசாயனம் கொடுத்த அக்ரோபோரா டெனுயிஸ் முட்டையிடாமல் அடக்கிக்கொண்டது. நேரத்தைச் சொல்வது இருட்டு. பூரணைக்குப் பிறகு சந்திரன் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி உதிக்கும். பொழுது படுவதற்கும் நிலவு எழுவதற்கும் இடையில் வரும் அந்த இருளே டிப்சாஸ்ட்ரியா ஸ்பெசியோசா என்ற முருகைக்கு முட்டையிட அறிகுறி. தொட்டிக்கு அருகே ஒரு வெள்ளை மின்குமிழ் எரிந்தாலே அந்த அறிகுறி குழம்பிவிடும். பலர் தோற்பது இங்கேதான்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் அனுமதி எடுங்கள். முருகை சட்டத்தால் காக்கப்பட்ட உயிரி. பிறகு கிளையின் நுனியில் இருந்து 3 - 5 செ.மீ. கீழே ஒரு துண்டு முறித்து உருப்பெருக்கியால் பாருங்கள். நுனியில் முட்டை இருக்காது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முட்டை வெள்ளையாக இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. இளஞ்சிவப்பு என்றால் இந்தப் பூரணை, தவறினால் அடுத்தது.

நிறம் வந்த கூட்டங்களைப் பூரணைக்கு 3, 4 நாள் முன் ஓடும் கடல்நீர்த் தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரே இனத்தில் குறைந்தது மூன்று கூட்டம் வேண்டும், ஏனெனில் தன் விந்தைத் தன் முட்டை பெரும்பாலும் ஏற்காது. பொழுதுபட்ட பின் சிவப்பு வெளிச்சம் மட்டும் பாவியுங்கள். பொலிப்பின் (கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு சிறு உயிரின்) வாயில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்ததும் பம்பை நிறுத்துங்கள். பொதிகள் மிதந்து வரும். எல்லாக் கூட்டத்துப் பொதிகளையும் கோப்பையால் அள்ளி ஒன்றாகக் கலக்குங்கள். நீர் இலேசாக மங்கினால் போதும். பால்போல் ஆனால் விந்து மிகுந்து முட்டை அழுகும். ஓரிரு மணித்தியாலத்தில் நன்றாகக் கழுவிவிடுங்கள். முதல் இரவு காற்றுக் குமிழியைப் பலமாக விட்டால் கரு உடைந்து சிதறும்.

குடம்பிகள் (நீந்தும் முருகைக் குஞ்சுகள்) 4, 5 நாளில் ஒட்ட ஆயத்தமாகும். ஓமோன் போன்ற பொருள் ஒன்று உண்மையில் வேலை செய்வது இந்தக் கட்டத்தில்தான்: ஹைம்-248 என்ற நரம்புப் பெப்டைட் அக்ரோபோரா குடம்பிகளை உருமாறி ஒட்ட வைக்கிறது. ஆனால் கடலில் சில மாதம் கிடந்து செம்பாசி படிந்த ஓடு மலிவானது, அதுவே போதும்.

தூத்துக்குடிக் கரையில் அக்ரோபோரா மார்ச் பூரணையை ஒட்டி முட்டையிடுவது பதிவாகியிருக்கிறது. அந்தத் திகதியை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜனவரியில் தொடங்கி ஒவ்வொரு பூரணைக்கும் ஒரு கிழமை முன் உங்கள் பாரின் முட்டை நிறத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.